இந்தப் பூனையும் பால் குடிக்குமா? ஒலிவியா டி ஹாவிலாண்ட் வழக்குப் போட்ட கதை

கேள்வி: 'கான் வித் த விண்ட்' படத்தில் மெலனியாக நடித்த ஒலிவியா டி ஹாவிலாண்ட் பெயரில் அமெரிக்காவில் ஒரு சட்டமே இருக்கிறது என்கிறார்கள். ஒரு நடிகையின் பெயர் சட்டத்துக்கு எப்படி வந்தது? அவருடைய வாழ்க்கையையும் சேர்த்து விரிவாகச் சொல்ல முடியுமா?

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அந்தச் சட்டத்தை ஒலிவியாவுக்காக யாரும் இயற்றவில்லை. அவர் பிறப்பதற்கு 44 வருடம் முன்பே, 1872இல், கலிஃபோர்னியாவின் சட்டத் தொகுப்பில் அதன் முதல் வடிவம் ஏறிவிட்டது. ஆனால் ஹாலிவுட்டைப் பொறுத்தவரை அது இருந்தும் இல்லாததுபோலத்தான் கிடந்தது. தூசி தட்டி அதை எடுத்து, ஒரு பெரிய ஸ்டூடியோவுக்கு எதிராக நிறுத்தி, ஜெயித்தும் காட்டியவர் ஒலிவியா. அதனால்தான் வக்கீல்கள் இன்றும் அதை 'டி ஹாவிலாண்ட் சட்டம்' என்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அப்போது ஹாலிவுட்டில் இதைச் செய்வார் என்று யாருமே நினைக்காத முகம் அவருடையது. திரையில் சாது, பெரிய பழுப்புக் கண்கள், மென்மையான குரல். 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்று நம் ஊரில் கேட்போமே, அந்த ரகம். அவர் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், இந்தப் பூனை சின்ன வயதிலேயே பால் குடித்திருப்பது தெரியும்.

1916 ஜூலை 1 அன்று டோக்கியோவில் பிறந்தார். அப்பா வால்டர், இங்கிலாந்துக்காரர். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, பிறகு காப்புரிமை வழக்கறிஞராக இருந்தவர். அம்மா லிலியன் மேடை நடிப்பு பயின்றவர். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் வரும் சீமாட்டியின் பெயரைத்தான் மகளுக்கு வைத்தார். (மாஸ்கிட்டோ போர் விமானமும் காமெட் ஜெட் விமானமும் செய்த டி ஹாவிலாண்ட் கம்பெனியின் நிறுவனர் ஜெஃப்ரி, அப்பா வழியில் உறவு.) அடுத்த வருடமே தங்கை ஜோன் பிறந்தாள். அவளைப் பற்றிப் பிறகு வருகிறேன், வராமல் முடியாது.

1919இல் குடும்பமே கப்பலேறியது. போக வேண்டிய இடம் இங்கிலாந்து. வழியில் குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் கலிஃபோர்னியாவில் இறங்கியவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அப்பா ஜப்பானுக்கே திரும்பிப் போய்விட்டார். சரடோகா என்ற சிற்றூரில் வாழ்க்கை. அம்மா மறுமணம் செய்துகொண்ட ஜார்ஜ் ஃபான்டெய்ன் கண்டிப்புக்கு அளவு தெரியாத மனிதர். பள்ளி நாடகத்தில் நடிக்கப் போகிறேன் என்றதும், 'நாடகமா, வீடா, ஒன்றைச் சொல்' என்றார். ஒலிவியா நாடகத்தைச் சொன்னார். பெட்டியைக் கட்டிக்கொண்டு குடும்ப நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடப் பெண் அப்போது.

சினிமாவுக்கு வந்தது அதிர்ஷ்டத்தால். ஆங்கில ஆசிரியை ஆகலாம் என்று மில்ஸ் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. அந்த 1934ஆம் வருடக் கோடையில் ஆஸ்திரிய நாடக மேதை மாக்ஸ் ரைன்ஹார்ட், ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தைப் போட வந்தார். ஹெர்மியா வேடத்துக்கு ஒரு நடிகை, அவர் வராவிட்டால் ஆட இன்னொருவர், அவரும் வராவிட்டால் ஒலிவியா. அந்த மூன்றாவது இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் முதல் நடிகைக்குப் பட வேலை வந்தது, போனார். இரண்டாமவரும் போனார். 18 வயதுப் பெண் மேடையேறினாள். (முதலில் விலகிய நடிகை குளோரியா ஸ்டூவர்ட். 'டைட்டானிக்' படத்தில் கிழவி ரோஸாக வருவாரே, அவரேதான்.) அந்த நாடகத்தை வார்னர் பிரதர்ஸ் படமாக்கியபோது ஒலிவியாவையும் எடுத்துக்கொண்டது. கல்லூரிக் கனவு அதோடு சரி.

இனி, ஒப்பந்தம் என்ற விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அது புரியாவிட்டால் அவர் செய்தது என்ன என்பதும் புரியாது.

அந்தக் காலத்து ஹாலிவுட்டில் நடிகர்கள் படத்துக்குப் படம் சம்பளம் பேசுகிறவர்கள் இல்லை. ஸ்டூடியோவில் வாரச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள். வழக்கமான ஒப்பந்தம் 7 வருடம். ஆனால் அந்த 7 வருடம் நடிகரைத்தான் கட்டியது, ஸ்டூடியோவை அல்ல. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் 'உன்னை வைத்துக்கொள்கிறேன்' என்றோ 'நீ போகலாம்' என்றோ சொல்லும் உரிமை ஸ்டூடியோவுக்கு மட்டும். எந்தப் படம், எந்த வேடம் என்பதெல்லாம் அவர்கள் முடிவு. வேறு கம்பெனிக்கு உங்களை இரவல் கொடுத்து, அதில் வரும் லாபத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம்.

வேடம் பிடிக்கவில்லை என்றால்? மறுக்கலாம். உடனே இடைநீக்கம், சம்பளம் கிடையாது. வேறு எங்கும் நடிக்கவும் முடியாது. இதில் பெரிய கொக்கி ஒன்று: இடைநீக்கத்தில் இருந்த நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டிக்கொள்வார்கள். எத்தனை முறை மறுக்கிறீர்களோ அவ்வளவு தூரம் விடுதலை தள்ளிப்போகும். 7 வருடம் 8 ஆகலாம், 10 ஆகலாம். வட்டி கட்டிக்கொண்டே இருந்தும் அசல் குறையாத கடன் மாதிரி.

இதை எதிர்த்தவர்கள் முன்பும் இருந்தார்கள். இதே வார்னரில் பெட்டி டேவிஸ் 1936இல் முறுக்கிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய் அங்கே படம் பண்ணப் பார்த்தார். லண்டன் நீதிமன்றம் ஸ்டூடியோ பக்கம் நின்றது. டேவிஸைப் போன்ற வாள் வீச்சுக்காரியே தோற்றுத் திரும்பிய களம் இது.

ஒலிவியாவுக்கு வார்னரில் கிடைத்த வேலை முக்கால்வாசி ஒன்றுதான்: எரோல் ஃப்ளின் கத்திச்சண்டை போடுவார், இவர் அழகாக நின்று காதலிக்கப்பட வேண்டும். 1935இல் 'கேப்டன் பிளட்' தொடங்கி 1941 வரை இருவரும் சேர்ந்து 8 படம். ஜோடி பிரமாதம், சந்தேகமே இல்லை. 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' (1938) இன்றைக்கும் அலுக்காத படம். ஆனால் வேலை தெரிந்த ஒரு நடிகை எத்தனை முறைதான் சாளரத்தில் நின்று கையசைப்பார்?

மெலனி வேடம் வந்தபோது ஜாக் வார்னர் இரவல் கொடுக்க மறுத்தார். வெளியே போய் நல்ல படம் பண்ணிவிட்டு வந்தால் தலைக்கனம் ஏறும் என்பது முதலாளியின் கணக்கு. ஒலிவியா நேராக மோதவில்லை. ஜாக் வார்னரின் மனைவி ஆன் வார்னரைத் தேநீருக்கு அழைத்து, தன் பக்கத்தை எடுத்துச் சொன்னார். அவர் வீட்டில் பேசினார், முதலாளி இறங்கிவந்தார். நான் இதைக் குறுக்குவழி என்று சொல்ல மாட்டேன். கதவு திறக்காவிட்டால் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

அந்தப் படப்பிடிப்பில் இன்னொரு ரகசியம் உண்டு. நடிகைகளுக்குப் பிடித்த இயக்குநர் ஜார்ஜ் க்யூகரைச் சில வாரங்களிலேயே தூக்கிவிட்டு விக்டர் ஃப்ளெமிங்கைக் கொண்டுவந்தார்கள். ஒலிவியா யாருக்கும் தெரியாமல் க்யூகர் வீட்டுக்குப் போய்க் காட்சிகளுக்கு யோசனை கேட்டு வந்தார். கதாநாயகி ஸ்கார்லெட்டாக நடித்த விவியன் லீயும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். ஒருவர் போவது மற்றவருக்குத் தெரியாது!

மெலனியைப் பலர் 'பாவம், நல்லவள்' என்று கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்லவர்களாக நடிப்பதுதான் கஷ்டம். கொஞ்சம் பிசகினால் வெல்லப்பாகு ஆகிவிடும். ஒலிவியாவின் மெலனிக்குள் ஒரு இரும்புக்கம்பி ஓடுகிறது. வீட்டுக்குள் நுழைந்த சிப்பாயை ஸ்கார்லெட் சுட்டுக் கொன்றுவிட்டு நிற்கும்போது, நோயில் கிடந்த மெலனி வாளை இழுத்துக்கொண்டு படியின் மேல் வந்து நிற்பார். அந்த முகத்தில் வரும் திருப்தியைப் பாருங்கள். அதற்கு ஆஸ்கர் துணை நடிகை பரிந்துரை கிடைத்தது. விருது அதே படத்தின் ஹாட்டி மெக்டேனியலுக்குப் போனது. ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அவரைச் சக நடிகர்களோடு உட்கார வைக்காமல் தனி மேசையில் உட்கார வைத்த இரவும் அதுதான்.

வார்னருக்குத் திரும்பினால் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடியும் சத்தில்லாத வேடங்கள். மறுப்பு, இடைநீக்கம், மறுப்பு, இடைநீக்கம். 1943 மே மாதத்தில் அவருடைய 7 வருடம் முடிந்தது. முடிந்தது என்று அவர் நினைத்தார். இடைநீக்கக் கணக்கில் இன்னும் சுமார் 6 மாதம் பாக்கி என்றது ஸ்டூடியோ.

மார்ட்டின் கேங் என்ற வழக்கறிஞரிடம் போனார். அவர் காட்டியது கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 2855ஆம் பிரிவு: தனிப்பட்ட உழைப்பைத் தருவதற்கான ஒப்பந்தத்தை, வேலை தொடங்கியதிலிருந்து 7 ஆண்டுக்கு மேல் தொழிலாளியின்மீது திணிக்க முடியாது. 1872இல் இந்த வரம்பு 2 வருடமாக இருந்தது. 1919இல் 5, 1931இல் 7 என்று நீண்டது. கேள்வி ஒரு சொல்லில்தான் நின்றது. '7 வருடம்' என்றால் என்ன? வேலை செய்த நாட்களைக் கூட்டி வரும் 7 வருடம் என்றது வார்னர். நாட்காட்டியில் ஓடும் 7 வருடம் என்றார் ஒலிவியா.

1943 ஆகஸ்டில் வழக்கு. கீழ் நீதிமன்றத்தில் அவருக்கே வெற்றி. வார்னர் மேல்முறையீடு செய்ததோடு நிற்காமல், மற்ற ஸ்டூடியோக்களுக்கெல்லாம் 'இவர் எங்கள் ஆள், வேலை கொடுக்காதீர்கள்' என்று எழுதியும் அனுப்பியது. ஆக, 27 வயதில், புகழின் உச்சியில், ஏறக்குறைய இரண்டு வருடம் எந்த ஸ்டூடியோவும் கதவைத் திறக்கவில்லை. நடிகைகளின் வயதை நாள் கணக்கில் எண்ணும் ஊர் அது. கைக்காசு சுமார் 13,000 டாலர் வக்கீல் செலவுக்குப் போனது. அந்த நாட்களில் அவர் சும்மா இருக்கவில்லை. போர்க்காலம் என்பதால் அலாஸ்காவின் அலூஷன் தீவுகள், தென் பசிபிக் என்று ராணுவ மருத்துவமனைகளைச் சுற்றிக் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துவந்தார். ஃபிஜியில் நிமோனியா வந்து அவரே படுக்கையில் விழுந்தார்.

1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: 7 வருடம் என்றால் 7 வருடம்தான். 1945 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்ததும் அது உறுதியானது. போருக்குப் போயிருந்த நடிகர்களுக்கும் இதனால் லாபம். சீருடையில் கழிந்த வருடங்களைத் திரும்பி வந்ததும் ஸ்டூடியோவுக்கு ஈடுகட்ட வேண்டிய அவசியம் போனது. நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் எம்ஜிஎம் ஸ்டூடியோவிலிருந்து அப்படித்தான் விடுபட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஒலிவியா ஒரே அடியில் ஸ்டூடியோ முறையைத் தகர்த்தார்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மிகை. தியேட்டர்களை ஸ்டூடியோக்கள் கையில் வைத்திருக்கக் கூடாது என்ற 1948 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், அப்புறம் வீட்டுக்கு வீடு வந்த டிவியும் சேர்ந்துதான் அதைச் சாய்த்தன. மேலும் இந்தப் பிரிவு 7 வருடத்துக்குள் நடக்கும் எதையும் தடுக்காது. கலிஃபோர்னியாவுக்கு வெளியே செல்லாது. ஆனால் முடிவே இல்லாத ஒப்பந்தம் என்ற பயத்தை எடுத்தது அவர்தான். பிற்காலத்தில் இசைக் கம்பெனிகள் முனகியதால் 1987இல் பாடகர்களுக்கு மட்டும் இதில் ஒரு விதிவிலக்குச் செருகப்பட்டது: பாடகர் விலகலாம், ஆனால் தராத ஆல்பங்களுக்கு நஷ்டஈடு கேட்டு கம்பெனி வழக்குப் போடலாம். அப்படியும் நடிகர் ஜாரெட் லெட்டோவின் இசைக்குழு 2008 வாக்கில் தங்கள் கம்பெனி போட்ட 3 கோடி டாலர் வழக்கில் இந்தச் சட்டத்தைத்தான் கேடயமாகப் பிடித்தது; கடைசியில் சமரசமானது.

சரி, விடுதலை வாங்கி என்ன செய்தார்? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 'டு ஈச் ஹிஸ் ஓன்' (1946): திருமணமாகாமல் பெற்ற மகனை விட்டுக்கொடுத்துவிட்டு, தூரத்தில் நின்று அவன் வளர்வதைப் பார்க்கும் தாய். இளம்பெண்ணிலிருந்து நடுவயதுவரை ஒரே படத்தில். முதல் ஆஸ்கர். 'தி ஸ்நேக் பிட்' (1948): மனநல மருத்துவமனையில் அடைபட்ட பெண். அதற்காக உண்மையான மருத்துவமனைகளுக்குப் போய் நோயாளிகளையும் அங்கே கொடுத்த மின் அதிர்ச்சிச் சிகிச்சையையும் நேரில் பார்த்தார். அழகு நடிகை ஒருவர் கலைந்த தலையும் வெறித்த கண்ணுமாக வருவது அன்று சாதாரண விஷயமில்லை. அடுத்தது 'தி ஏர்ஸ்' (1949), இரண்டாவது ஆஸ்கர். வார்னரில் தொடர்ந்திருந்தால் இந்த மூன்றில் ஒன்றுகூட அவருக்கு வந்திருக்காது என்பது என் கணிப்பு.

நடுவில் 1946இல் ஒரு சம்பவம். சியாட்டிலில் ஒரு கூட்டத்தில் பேச, திரைக்கதையாசிரியர் டால்டன் ட்ரம்போ எழுதிக்கொடுத்த உரை அவருக்குச் சோவியத் சாய்வாகப் பட்டது. அதை ஒதுக்கிவிட்டு வேறு உரையைப் படித்தார். அரசியலில் யார் சரி என்பது தனி விவாதம். எழுதிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது தங்கை. வீட்டில் இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே ஒத்துப்போகவில்லை. ஜோன் நடிக்க வந்தபோது மாற்றாந்தந்தையின் பெயரை ஒட்டிக்கொண்டு ஜோன் ஃபான்டெய்ன் ஆனார். 1942 ஆஸ்கரில் சிறந்த நடிகைக்கு அக்காவும் போட்டியில், தங்கையும் போட்டியில். வென்றது தங்கை. 1947இல் அக்கா வென்ற இரவில் வாழ்த்தச் சென்ற தங்கையைக் கண்டுகொள்ளாமல் அவர் நகர்ந்ததை ஒரு புகைப்படக்காரர் பிடித்துவிட்டார். காரணம் என்ன என்கிறீர்களா? ஒலிவியா எழுத்தாளர் மார்கஸ் குட்ரிச்சை மணந்தபோது, 'அவருக்கு நாலு மனைவி, ஒரு புத்தகம். மாறி இருந்திருந்தால் நன்றாக இருக்கும்' என்ற பொருளில் ஜோன் விட்ட அம்பு. அடித்தாலும் இப்படி அடிக்கக் கூடாது. 1975இல் அம்மாவின் மரணத்தை ஒட்டி வந்த மனக்கசப்போடு பேச்சு நின்றது. ஜோன் 2013இல் 96 வயதில் இறந்தார். முதன்மை நடிப்புக்கான ஆஸ்கரை உடன்பிறந்த இருவர் வென்றது இவர்கள் மட்டும்தான்.

பிற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குட்ரிச்சுடனான மணமுறிவுக்குப் பிறகு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் பியர் கலான்டேயை 1955இல் மணந்து பாரிசில் குடியேறினார். அந்தத் திருமணமும் முறிந்தது. ஆனாலும் கலான்டே நோயுற்றபோது கவனித்துக்கொண்டவர் இவர்தான். மகன் பெஞ்சமின் 1991இல் இறந்தது பெரிய அடி. படங்கள் குறைந்தன, 1965இல் கான் திரைப்பட விழா நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் ஆனார், 2017இல் 101ஆம் பிறந்தநாளுக்குச் சில வாரம் முன் பிரிட்டன் 'டேம்' பட்டம் தந்தது.

அதே மாதம் என்ன செய்தார் தெரியுமா? வழக்குப் போட்டார்! பெட்டி டேவிஸ், ஜோன் க்ராஃபோர்ட் சண்டையைப் பற்றிய 'ஃப்யூட்' தொலைக்காட்சித் தொடரில், தன்னை அனுமதி கேட்காமல் ஒரு பாத்திரமாக்கி, தங்கையைக் கெட்ட வார்த்தையால் திட்டுகிற வம்புக்காரியாகக் காட்டிவிட்டார்கள் என்று எஃப்எக்ஸ் நிறுவனத்தின்மீது. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ். விசாரணை நீதிமன்றம் வழக்கை அனுமதித்தது. 2018 மார்ச்சில், 1944இல் அவருக்கு வெற்றி தந்த அதே கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், கருத்துச் சுதந்திரத்தைக் காட்டி வழக்கைத் தள்ளியது. 2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கேட்க மறுத்தது. சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். வாழ்கிறவர்களின் அனுமதி இல்லாமல் அவர்களைப் பற்றிக் கதையே எழுத முடியாது என்றால் நிறைய எழுத்து நின்றுபோகும். இருந்தாலும், 102 வயதில் உச்ச நீதிமன்றம்வரை போக எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கும்?

2020 ஜூலை 26 அன்று பாரிசில், 104 வயதில் உறங்கியபடியே இறந்தார். 'கான் வித் த விண்ட்' படத்தின் நான்கு முக்கியப் பாத்திரங்களில் கதைக்குள் சாகிறவர் மெலனி ஒருத்திதான். நிஜத்தில் மற்ற மூவரும் போய் 53 வருடம் கழித்துத்தான் அவர் போனார்.

ஒரே ஒரு படம் பார்ப்பதாக இருந்தால் 'தி ஏர்ஸ்' பாருங்கள். அந்தக் கதையை நாடகமாக நியூயார்க்கில் பார்த்துவிட்டு, இயக்குநர் வில்லியம் வைலரைக் கூப்பிட்டு இதைப் படமாக்குங்கள் என்று கேட்டவரே ஒலிவியாதான். பணக்கார அப்பாவின் மட்டம்தட்டலில் வளர்ந்த, அழகில்லாத, கூச்சசுபாவப் பெண் கேத்தரின். காதலன் வந்து அழைத்துப் போவான் என்று இரவெல்லாம் காத்திருந்து, அவன் வராமல் போக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். வைலர் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தும் திருப்தி வரவில்லை. பொறுமை இழந்த ஒலிவியா பெட்டியை வீசினார். அப்போதுதான் அது காலிப் பெட்டி என்பது வைலருக்கு உறைத்தது. பெட்டி நிறையப் புத்தகங்களை அடைத்துக் கொடுத்தார். படத்தில் நாம் பார்ப்பது அந்தக் கனம்தான்.

கடைசியில் அதே படியில் இன்னொரு முறை ஏறுவார், கையில் விளக்கோடு. வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். யார், ஏன் என்பதைப் படத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தை மட்டும் கவனியுங்கள்.